தங்கலீலா உட்கார்ந்த பெஞ்சு

ஐப்பசி மழை வெறித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கானாவிளைச் சபையார் எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடித்து, சேலைத் தலைப்பையும் வேட்டி நுனியையும் ஒதுக்கிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தபோது, பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்காருகிற மாவுமில் தங்கலீலாவின் கையில் ஏதோ குளுகுளுவென்று பட்டது. குனிந்து பார்த்தாள். பெஞ்சின் விளிம்பில் வார்னிஷைப் பிளந்துகொண்டு, பிறந்த குழந்தையின் காது மாதிரி மடங்கிப்போய், ஒரு பூவரசு இலை துளிர்த்திருந்தது. பக்கத்தில் இருந்தவள், முந்தானை தரையில் புரளுகிறது என்று சொல்வதுபோல, "எக்கா, ஒன் பெஞ்சு துளுத்துட்டு" என்று காதோடு சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பினாள்.

ஆராதனை முடிந்ததும் மணியடிக்கிற கோயில்பிள்ளை பொன்னுத்துரை வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "பூவரசு அப்படித்தான், ஈரம் பட்டா விடாது" என்று ஒரு செம்புத் தண்ணீரைப் பெஞ்சின் காலில் ஊற்றினார். அந்தப் பெஞ்சுக்கு மரம் வெட்டியவர்களின் பேரன்மாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதையும், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அதற்கு வார்னிஷ் அடித்தது தானேதான் என்பதையும் அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அது கிளையாயிற்று, அதற்கடுத்த வாரம் ஜன்னல் கம்பியைத் தாண்டி வெயிலைத் தேடிப் போயிற்று, கார்த்திகை முடிவதற்குள் பெண்கள் பக்கத்தில் பாதிக்கு நிழல் விழுந்தது. பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து பிரசங்கத்துக்கு நடுவில் ஊதினார்கள், அதற்காக அடி வாங்கினார்கள், வாங்கிக்கொண்டே ஊதினார்கள். ஆடு ஒன்று இலை வாசம் பிடித்துத் திருவிருந்து நேரத்தில் உள்ளே வந்துவிட்டது என்று வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டார்கள். கிளையை வெட்டுவதா விடுவதா என்று சபைக் கமிட்டி கூடி, மின்விசிறியில் இடிக்கிற அளவுக்கு வளர்ந்தால் மட்டும் கழிப்பது என்று தீர்மானித்தது. அந்த வருடம் சபைக்கே விருந்து வைக்கிற அசனத்துக்குச் சோறு பொங்கியபோது, சாப்பிட வாழையிலை போதாமல், அந்தப் பூவரசு இலையையே தைத்துப் போட்டுப் பரிமாறினார்கள். சோறு மணமாக இருந்ததென்று ஊர் முழுக்கப் பேச்சு.

துளிர்ப்பது பெஞ்சினாலா ஆளினாலா என்று தெரிந்துகொள்ளவும் அவர்கள் ஆசைப்பட்டார்கள். தங்கலீலாவின் இடத்தில் வேறு ஆட்களை உட்கார்த்திப் பார்த்தார்கள். இலை வாடித் தலை தொங்கியது. அவளைப் பின்வரிசைத் தேக்குப் பெஞ்சுக்கு மாற்றிப் பார்த்தார்கள். தேக்கும், அது எந்தக் காட்டில் நின்ற மரமோ, பணிவாக ஒரு துளிர் விட்டது. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒன்றும் முளைக்கவில்லை. "பிளாஸ்டிக்குக்கு என்ன தெரியும்" என்று சொல்லி, அவளை மரியாதையாகப் பழைய இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். இந்த ஊரிலேயே பெரிய விசுவாசம் தங்கலீலாவின் விசுவாசம்தான் என்பது அதோடு முடிவாகிவிட்டது.

தங்கலீலாவிடம் விசுவாசம் என்று ஒன்றும் இல்லை. அது போய் நாலு வருடமாகியிருந்தது.

போன விதம் இப்படி. அவளுக்கும் ஜெயசிங்குக்கும் ஷெர்லின் என்று ஒரே மகள், எட்டு வயது, மாவு மில்லின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியதால் எங்கே போனாலும் கத்தியே பேசுகிறவள். அவளுக்குக் காய்ச்சல் வந்து, ஊர் நர்சம்மாவின் மாத்திரைக்கு இறங்கி, திரும்ப ஏறி, அனலாய்க் காய்ந்த ஒரு சாயங்காலம், "டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்" என்று ஜெயசிங் வண்டிச் சாவியை எடுத்தான். "ஜெபத்துக்கு ஆள் வந்தாச்சுங்க, காலைல போவோம்" என்று சாவியை அவன் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டியவள் தங்கலீலாதான். வீடு நிறைய ஆட்கள் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். விடியுமுன்னே காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு குளிர்ந்து, நெற்றி குளிர்ந்து, பிள்ளை அமைதியாகக் கண்ணயர்ந்தது. எல்லாரும் அழுதுகொண்டே ஸ்தோத்திரப் பாட்டு பாடினார்கள், எல்லாரையும்விடச் சத்தமாகத் தங்கலீலா பாடினாள். அந்தக் குளிர்ச்சிதான் இந்தக் காய்ச்சலில் மோசமான கட்டம், சூடு இறங்கும்போதுதான் உள்ளே ரத்த ஓட்டம் விழும், அப்போதே கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதை மறுநாள், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பிள்ளை தங்காமல் போன பிறகு, ஒரு டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அடக்கம் முடிந்த பிறகு ஜெயசிங் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டான். யாரோடும் சண்டை போடவில்லை, குடிக்கவில்லை, சாமியைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கறிக்குழம்பு வைத்தான். ஆணியில் சாவி மாட்டியதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு மனசு கொஞ்சம் இளைப்பாறியிருக்கும்.

தங்கலீலா மட்டும் போனாள். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, முதல் மணிக்கே கிளம்பி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, எழும்போது எழுந்து, பாடும்போது பாடி, விசுவாசப் பிரமாணம் வரும்போது மட்டும் உதட்டை அசைத்துக்கொண்டு குரலை உள்ளேயே வைத்துக்கொண்டாள். மேலே கேட்கிறவர் ஒருவரும் இல்லை என்று அவளுக்கு, மில்லில் கரண்ட் போனால் தெரிவதுபோல, சும்மா தெரிந்தது. "எதுக்குட்டி இன்னும் போற?" என்று ஜெயசிங் ஒருதடவை கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் குனிந்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

இப்படிப்பட்டவள் உட்கார்ந்த இடத்தில்தான் மரம் துளிர்த்தது.

முதலில் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள், பிறகு பக்கத்து ஊர்களிலிருந்து, அப்புறம் செம்மண் தேரி மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் மினிபஸ் பிடித்து வந்தார்கள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளை, கர்ப்பம் தங்காத மருமகள், மூட்டுவலிக்காரர், மஸ்கட்டில் சம்பளம் வராமல் தவிக்கிறவனுடைய அம்மா என்று ஒவ்வொருவராக மில் வாசலில் நின்று, "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்று தலையைக் குனிந்தார்கள். அவள் மாவு படிந்த கையை அந்தத் தலைகளில் வைத்து, தெரிந்த வார்த்தைகளைத் தெரிந்த வரிசையில் சொன்னாள். அவர்கள் ஆமென் என்று எழுந்து, தலையில் வெள்ளையாக விரல் அடையாளத்தோடு சந்தோஷமாகப் போனார்கள். போகிற வழியில் கோயிலுக்குள் புகுந்து ஆளுக்கு ஓர் இலை பறித்துக்கொண்டார்கள். அவர்களைக் காட்டிலும் பெரிய திருடியாகத் தன்னை நினைத்துக்கொண்டு அவள் மில்லுக்குள் போய் சுவிட்சைப் போடுவாள். அந்த இரைச்சலில் அழுதால் வெளியே கேட்காது.

தாங்க முடியாமல் ஒருநாள் குருவானவர் தேவநேசனிடம் போனாள். இளவயசுக்காரர், நல்லவர், ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஐயா, எனக்கு விசுவாசம் இல்ல."

அவர் புன்னகைத்தார். "விசுவாசம் இருக்கிறவங்கதாம்மா இப்படிச் சொல்லுவாங்க."

"இல்ல ஐயா, மெய்யாவே இல்ல. நான் ஜெபம் பண்ணும்போது செவுத்தோட பேசுத மாதிரிதான் இருக்கு."

"இதைத்தான் தாழ்மைன்னு சொல்லுதோம்" என்றார் குருவானவர், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு தாழ்மையைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். பேர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் ஜன்னலோரத்தைத்தான் பார்த்தார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கிளையில் முதல் பூ மஞ்சளாக விரிந்தது. தங்கலீலாவுக்கு அந்தப் பூவைப் பிய்த்து மிதிக்க வேண்டும்போல இருந்தது. மிதிக்கவில்லை. மடியில் உதிர்ந்த மகரந்தத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

தை மாதத்தில் பியூலாவின் மகள் ஜெமிமாவுக்குக் காய்ச்சல் வந்தது. பியூலா மில்லுக்கு எதிர்வீட்டுக்காரி, புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான், ஒற்றையாகப் பிள்ளையை வளர்க்கிறவள். காய்ச்சல் கண்ட அன்றே தங்கலீலா வாசலில் போய் நின்று, "டவுனுக்குக் கொண்டு போடி" என்றாள். பியூலா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். மறுநாளும் சொன்னாள், பியூலா மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு, சட்டியில் பூவரசு இலையைப் போட்டுக் கஷாயம் காய்ச்சினாள். "நீ இருக்கும்போது எனக்கு எதுக்குக்கா டவுனு?" என்றாள். தங்கலீலா அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். இந்த இலையில் ஒன்றுமில்லை, என்னிடமும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊர் முகம், குருவானவர் முகம், தலையில் மாவோடு சந்தோஷமாகப் போனவர்களின் முகம் எல்லாம் முன்னால் வந்து நின்றன. சாயங்காலம் திரும்பச் சொல்லிப் பார்ப்போம் என்று மில்லுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் பியூலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பிக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "விட்டுட்டு! காய்ச்சல் விட்டுட்டு! இலை கேட்டுட்டு எக்கா!" என்று கத்திக்கொண்டே வந்து, ஜெமிமாவைத் தங்கலீலாவின் பெஞ்சில் கிளைக்குக் கீழே படுக்க வைத்தாள். சபையார் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரோ ஸ்தோத்திரப் பாட்டை எடுத்துக் கொடுத்தார்கள், கோயில் முழுக்கப் பிடித்துக்கொண்டது. நாலு வருடத்துக்கு முந்தி அவள் வீட்டுக்குள் பாடிய அதே பாட்டு.

தங்கலீலா பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. கையைத் தொட்டாள், அதுவும் அப்படித்தான். வயிற்றில் கை வைத்ததும் பிள்ளை கண்ணைத் திறக்காமலே முனகியது.

"நிப்பாட்டுங்க" என்றாள். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்று, மாவு மில்லின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரலில், "பாட்ட நிப்பாட்டுங்க!" என்றாள். நின்றது.

"பியூலா, பிள்ளையத் தூக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"எதுக்குக்கா? சொகமாயிட்டு."

"சொகமாகல. எம் பிள்ளைக்கும் இப்படித்தான் குளுந்துச்சு. நாங்களும் இப்படித்தான் பாடுனோம்."

"அன்னைக்கு இந்த இலை இல்லக்கா. நீயும் அன்னைக்கு இப்படி இல்ல. ஒன் ஜெபம் இருக்கு, எனக்குப் பயமில்ல."

தங்கலீலா சபை முழுவதையும் ஒருதடவை பார்த்தாள். "என் ஜெபத்துல ஒண்ணும் இல்ல. நான் நம்பல. ஷெர்லின் போனதுலேருந்து நான் ஒண்ணையும் நம்பல. ஒங்க எல்லாருக்கும் நான் பண்ணுன ஜெபத்துல ஒண்ணுகூட ஆண்டவர்கிட்ட பண்ணுனது இல்ல. சும்மா வார்த்தை. ஒங்கள ஏமாத்திட்டேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, பிள்ளையத் தூக்க விடுங்க."

அவள் கீழே இறங்கி, ஜெமிமாவை வாரியெடுத்துக்கொண்டு, முட்டிக்கொண்டு நின்ற ஆட்களை முழங்கையால் விலக்கி வெளியே ஓடினாள். பியூலா பின்னால் ஓடினாள். மில் வாசலில் அவள் பேசவே தேவையிருக்கவில்லை. பிள்ளையையும் அவள் முகத்தையும் பார்த்ததுமே ஜெயசிங் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்தான்.

மாவு மூட்டை ஏற்றுகிற லோடு ஆட்டோ தேரி ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னால் சாக்கை விரித்து, தங்கலீலா பிள்ளையின் தலையை மடியில் வைத்திருந்தாள், பியூலா இரண்டு பாதங்களையும் தன் நெஞ்சோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவந்த மண் பறந்து மூன்று பேர் முகத்திலும் படிந்தது.

"எக்கா, ஜெபம் பண்ணு" என்றாள் பியூலா.

"நான் உள்ள சொன்னது ஒனக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு."

"பொறவு?"

"நீ நம்பாண்டாம். எனக்கு வாய் வர மாட்டேங்கு, நாக்கு ஒட்டிட்டு நிக்கு. நீ சொல்லு, நான் உள்ள நம்பிக்கிடுதேன்."

தங்கலீலா தொண்டையைச் செருமினாள். சுவரிடம் பேசுகிற மாதிரிதான் இருந்தது, வேறு மாதிரி இல்லை. ஆனாலும் சொன்னாள், ரோடு தூக்கிப் போடும்போதெல்லாம் வார்த்தை உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து மறுபடி எடுத்துச் சொன்னாள், டவுன் வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தாள். பியூலா ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆமென் என்றாள். அந்த ஆமென்கள் தனக்குரியவை அல்ல, யாருடைய வீட்டுக்கோ போகிற தண்ணீரைத் தன் வாய்க்கால் வழியாக விடுகிறோம், அவ்வளவுதான் என்று தங்கலீலா நினைத்தாள். அப்படி நினைத்தபோதும் குற்றம் குறையவில்லை. ஆனால் அதோடு கூடவே உட்கார்ந்து வர முடிந்தது.

ஜெமிமா பிழைத்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏற்றி, ரத்தம் ஏற்றி, ஒரு வாரம் கழித்துக் கண்ணைத் திறந்து, தோசை வேண்டுமென்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். தங்கலீலா வார்டுக்கு வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு பிள்ளை பிழைத்தால் இன்னொரு பிள்ளைக்குச் செய்தது தீர்ந்துவிடும் என்று அவள் தன்னையறியாமல் நம்பியிருந்தாள் போல. அது தீரவில்லை என்பது அங்கே நிற்கும்போது தெரிந்தது.

ஊர், இலையை ஏற்றுக்கொண்ட மாதிரியே இதையும் ஏற்றுக்கொண்டது. ஒருசிலர் அவள் மில்லில் மாவு திரிக்க வருவதை நிறுத்தினார்கள், அடுத்த ஊர் மில்லில் மாவு கரகரவென்று இருக்கிறதென்று திரும்பி வந்தார்கள். "அவள அப்படிப் பேச வச்சது யாரு? ஆண்டவர்தான்" என்றார் பொன்னுத்துரை, சபையில் பாதிப்பேருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. குருவானவர் ஒரு மத்தியானம் மில்லுக்கு வந்து, மாவுத் தூசியில் இருமிக்கொண்டே, "நீங்க அன்னைக்கு வந்து சொன்னப்ப நான் கேக்கலம்மா. எனக்குப் பிடிச்ச மாதிரி கேட்டுக்கிட்டேன்" என்றார். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பங்குனி வெயிலில் பெஞ்சு மற்ற பூவரசுகளைப் போலவே பழுத்த இலைகளை உதிர்த்தது, புதிதாகச் சில விட்டது, யாரும் பறிக்கவில்லை. கூட்டிப் பெருக்குகிற வேலை கோயில்பிள்ளைக்குக் கொஞ்சம் குறைந்தது. தங்கலீலா அதில்தான் உட்கார்ந்தாள். விசுவாசப் பிரமாணம் வரும்போது இப்போது உதட்டையும் அசைப்பதில்லை, எல்லாருக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தபோது, தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜெயசிங் கேட்டான்.

"ஊருக்கே சொல்லிட்ட. இனி யாருக்காகவும் நடிக்காண்டாம். பொறவும் எதுக்குட்டி போற?"

ஊக்கைக் குத்தி முடித்துவிட்டு, அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஷெர்லினுக்கு நீங்க ரத்தம் வாங்கப் போயிருந்தீங்கள்ல அன்னைக்கு. அப்ப அவ முழிச்சா. செத்துட்டா எங்க போவேன்னு கேட்டா. ஆண்டவர்கிட்டன்னேன். தனியாவான்னா. நான் பின்னாலயே வந்துருவேம்மான்னேன். ஒனக்கு வழி தெரியுமான்னு கேட்டா."

ஜெயசிங்கின் கை நின்றது.

"தெரியும், நாம கோயிலுக்குப் போறம்லா, அதே வழிதான், வாரா வாரம் போறம்லான்னேன். சரின்னு கண்ண மூடிட்டா." சேலை நுனியை விரலில் சுற்றினாள். "அங்க ஒண்ணும் இல்லன்னுதாங்க எனக்குத் தோணுது. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துட்டு, பிள்ளைகிட்ட பொய்தான் சொன்னேன். ஆனா ஒருவேள அப்படி ஒரு எடம் இருந்து, அவ வழி பாத்து நின்னுக்கிட்டு இருந்தா? நான் நம்பலங்கதுக்காக ஒரு பிள்ளை ஒத்தையில நிக்கணுமா?"

வெளியே முதல் மணி அடித்து ஓய்ந்தது. அவன் கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தான்.

"என்னைக் கேட்டாளா?"

நாலு வருடமாக அவள் பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான். இல்லை என்று சொல்லிவிடலாம், அவன் தப்பித்துக்கொள்வான்.

"கேட்டா. அப்பாவும் வருவாங்களான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வருவாங்கன்னு சொல்லிட்டேன். ஒங்களக் கேக்காமலே சொல்லிட்டேன்."

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். வெங்காயக் கை, இன்னும் அதிகமாகத்தான் எரிந்திருக்கும். "நேரமாச்சு, நீ நட" என்றான்.

அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பனைகளுக்கு நடுவே பாதை பிரிகிற இடத்தில் திரும்பிப் பார்த்தபோது, ஜெயசிங் மில் வாசலுக்கு வந்து, ஈரக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து நடந்து பழகிய அந்தப் பாதையையே புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கூப்பிடவில்லை. பின்னால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும், எந்தத் திருப்பத்தில் திரும்புகிறாள் என்று தெரியும்படி மெதுவாக நடந்தாள்.